தன்னையே தரும் அன்பு: கிறிஸ்துவப் போதனை சொல்வது என்ன?

அன்பைப் போதிக்காத சமயம் உலகில் இல்லை. திருக்குறளின் அன்புடைமை அதிகாரம் அன்பின் எல்லையை எலும்பு வரை கொண்டு செல்கிறது. பௌத்தமும் இஸ்லாமும் சீக்கியமும் ஈகையையும் இரக்கத்தையும் உயர்ந்த அறங்களாகப் போற்றுகின்றன. அப்படியிருக்க, கிறிஸ்துவம் மட்டும் அன்பைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லிவிட்டது என்ற கேள்வி பலருக்கு எழுவது இயல்பே.

அதற்கான பதில் ஒரு சின்னத்தில் அடங்கியிருக்கிறது. அதுதான் சிலுவை. ரோமானியப் பேரரசில் அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்வதற்குப் பயன்பட்ட கொடிய தண்டனைக் கருவி அது. நாகரிகமான ரோமானியர்கள் அதைப் பற்றிப் பேசுவதையே கௌரவக் குறைவாகக் கருதினர். அத்தகைய அவமானச் சின்னத்தைத்தான் கிறிஸ்துவர்கள் தேவாலயத்தின் உச்சியிலும் தங்கள் கழுத்திலும் அன்பின் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். பிறர் வாழ்வதற்காகத் தன்னையே கொடுப்பதுதான் அன்பின் முழு அளவு என்பது அதன் பொருள்.

ஆனால், இந்தப் போதனையைப் போல் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் போதனையும் வேறில்லை. துன்பப்படுவதே புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. வாய் திறவாமல் அடங்கிப் போவதே அன்பு என்று நினைப்பவர்களும் உண்டு. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம், "இது உனக்குக் கடவுள் கொடுத்த சிலுவை, சுமந்துகொள்" என்று அறிவுரை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது கிறிஸ்துவப் போதனைதானா என்பதைத் தெரிந்துகொள்ள, அந்தப் போதனையையும் அதன்படி வாழ்ந்தவர்களையும் பார்க்க வேண்டும்.

அகாப்பே என்னும் சொல்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. கிரேக்கர்களிடம் அன்பைக் குறிக்கப் பல சொற்கள் இருந்தன. ஆண் பெண் ஈர்ப்பைக் குறிக்கும் சொல் 'ஈரோஸ்'. நண்பர்களுக்கிடையிலான பற்றைக் குறிக்கும் சொல் 'பிலியா'. புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் ஈரோஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. பெரும்பாலும் அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் 'அகாப்பே'. மற்றவரின் நன்மையை விரும்பி, அதற்காகத் தன்னிடம் உள்ளதைக் கொடுக்கும் அன்பு என்று அதற்கு விளக்கம் தரலாம்.

இதனால் மற்ற அன்புகள் தாழ்ந்தவை என்று ஆகிவிடாது. போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் தம் முதல் சுற்றுமடலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 2005ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கையெழுத்திட்ட அந்த மடலில், விரும்பும் அன்பையும் கொடுக்கும் அன்பையும் முற்றாகப் பிரிக்க முடியாது என்று அவர் விளக்கினார். எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்க மனிதனால் முடியாது. அவன் அன்பைப் பெறவும் வேண்டும் என்பது அவர் கருத்து. கொடுக்கும் அன்பைப் பேசும்போது மறந்துவிடக்கூடாத செய்தி இது.

இயேசுவின் போதனையிலும் இந்தச் சமநிலை உண்டு. தன்னை நேசிப்பதுபோல் அடுத்தவரை நேசிக்க வேண்டும் என்ற கட்டளையை அவர் வலியுறுத்தினார். அங்கே அடுத்தவர் மீதான அன்புக்கு அளவுகோலே தன் மீதான அன்புதான். தன்னை வெறுப்பவனுக்கு அந்தக் கட்டளையால் பயனில்லை.

அவர் சொன்ன நல்ல சமாரியன் கதையும் அப்படித்தான். கள்வர்களால் அடிபட்டுக் கிடந்த அந்நியனைச் சமாரியன் ஒருவன் காப்பாற்றுகிறான். காயத்துக்குக் கட்டுப் போடுகிறான். தன் வாகன மிருகத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். அன்றிரவு கூடவே இருந்து கவனிக்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அவன் தன் பயணத்தைக் கைவிடவில்லை. தன்னை அழித்துக்கொள்ளவும் இல்லை. அடிபட்டவன் பிழைக்க என்ன தேவையோ, அதைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்தான்.

விருப்பமே அடிப்படை

நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்ற கருத்தை இயேசு தம் சீடர்களிடம் சொன்னதாக யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் கூறுகிறது. மரணத்துக்கு முந்தைய இரவு அது. அதே இரவில் அவர் செய்த இன்னொரு செயலையும் யோவான் எழுதுகிறார். இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அக்காலத்தில் அது அடிமைகள் செய்யும் வேலை. உயிரைக் கொடுக்கும் பேச்சும் காலைக் கழுவும் வேலையும் ஒரே இரவில் நடந்தது தற்செயலானதன்று. இரண்டுமே ஒரே அன்பின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் ஆகும்.

இதே நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இன்னொரு முக்கியமான கருத்து வருகிறது. தம் உயிரை யாரும் பறிக்கவில்லை என்றும் தாமாகவே அதைக் கொடுப்பதாகவும் இயேசு கூறுகிறார். கிறிஸ்துவத் தியாகத்தின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. பறிக்கப்படுவது கொலை. கொடுக்கப்படுவதுதான் தியாகம்.

அதற்காக அவர் மரணத்தை ஆசையோடு தேடிப் போனார் என்றும் சொல்ல முடியாது. கெத்சமனித் தோட்டத்தில் அவர் வேதனையோடு ஜெபித்தார். முடிந்தால் அந்தத் துன்பம் தம்மைவிட்டு நீங்கட்டும் என்று தந்தையிடம் வேண்டினார். துன்பத்தை அவர் விரும்பவில்லை. மனிதர்கள் மீது கொண்ட அன்பைக் கைவிட மறுத்தார். அதன் விலையாக வந்த துன்பத்தை ஏற்றுக்கொண்டார்.

புனித பவுலும் கொரிந்து நகர மக்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தில் ஓர் எச்சரிக்கை தருகிறார். ஒருவன் தன் சொத்து முழுவதையும் கொடுத்துவிடலாம். தன் உடலையே கொடுத்துவிடலாம். ஆனால் அன்பு இல்லையென்றால் அதனால் ஒரு பயனும் இல்லை என்கிறார் அவர். அதாவது, தியாகம் தன்னளவில் புண்ணியமாகிவிடாது. புகழுக்காகவும் பிடிவாதத்துக்காகவும் வெறுப்புக்காகவும்கூட மனிதர்கள் உயிரைவிடுவதுண்டு. யாருக்காக, எதற்காக என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு.

16670 எண் கைதி

இந்தப் போதனைக்கு 20ஆம் நூற்றாண்டு தந்த சாட்சிகளில் உலகம் மிகவும் அறிந்தவர் மாக்சிமிலியன் கோல்பே. போலந்து நாட்டில் 1894ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி பிறந்தவர். இளம் வயதிலேயே பிரான்சிஸ்கன் துறவற சபையில் சேர்ந்தார். ரோமாபுரியில் தத்துவத்திலும் இறையியலிலும் முனைவர் பட்டம் பெற்றார். காசநோய் அவரை வாழ்நாள் முழுதும் வாட்டியது.

நோயாளியாக இருந்தும் அவர் பெரிய காரியங்களைச் செய்தார். 1922இல் ஒரு மாத இதழைத் தொடங்கினார். 1927இல் வார்சா நகருக்கு அருகே 'நியெபோகலனுவ்' என்ற துறவு மடத்தை நிறுவினார். நூற்றுக்கணக்கான துறவிகள் தங்கிய அந்த மடத்தில் அச்சகமும் இயங்கியது. 1930இல் ஜப்பானுக்குச் சென்று நாகசாகியில் ஒரு மடத்தைக் கட்டினார். 1936இல் தாயகம் திரும்பினார்.

அவர் குறையற்ற மனிதர் என்று சொல்வதற்கில்லை. அவருடைய மடம் வெளியிட்ட பத்திரிகைகளில் யூதர்களைத் தாக்கும் கட்டுரைகள் வந்தன என்ற விமர்சனம் இன்றும் உண்டு; அதற்கு ஆதாரமும் உண்டு. அதே மடம்தான் 1939இல் போர் வெடித்த பின் யூதர்கள் உட்பட ஏராளமான அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்தது. புனிதர்கள் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. தங்கள் காலத்தின் குறைகளோடு வாழ்ந்த மனிதர்கள்தான் அவர்கள்.

1941ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி ஜெர்மானிய ரகசியப் போலீசார் கோல்பேயைக் கைது செய்தனர். மே மாதம் 28ஆம் தேதி அவர் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குப் பெயர் இல்லை. 16670 என்பதே அவர் அடையாளம்.

ஜூலை மாத இறுதியில் அவருடைய பிரிவிலிருந்து ஒரு கைதி தப்பியோடினான். முகாமின் விதி கொடூரமானது. தப்பிய ஒருவனுக்காகப் பத்துக் கைதிகள் பட்டினி போட்டுக் கொல்லப்படுவர். கைதிகளை வரிசையாக நிற்க வைத்து, முகாம் துணைத் தலைவன் கார்ல் பிரிட்ஸ்ச் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தான். அவர்களில் ஒருவர் போலந்து ராணுவ வீரர் பிரான்சிஸ்செக் கயோவ்னிசெக். தம் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் கதறினார்.

அப்போது வரிசையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். அனுமதியின்றி வரிசையைவிட்டு நகர்ந்தாலே சுட்டுக் கொல்லும் இடம் அது. தாம் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்றும், மனைவி மக்கள் உள்ள அந்த மனிதருக்குப் பதிலாகத் தாம் சாகத் தயார் என்றும் கோல்பே கூறினார். பிரிட்ஸ்ச் அதை ஏற்றுக்கொண்டான். கயோவ்னிசெக் மீண்டும் வரிசைக்கு அனுப்பப்பட்டார்.

பத்துப் பேரும் 11ஆம் கட்டடத்தின் நிலவறையில் அடைக்கப்பட்டனர். உணவில்லை, தண்ணீரும் இல்லை. அந்த அறையிலிருந்து ஜெபமும் பாடலும் கேட்டதாக அங்கு வேலை செய்த ஒரு கைதி பின்னர் சாட்சியம் அளித்தார். சாகப்போகும் மற்றவர்களுக்குக் கோல்பே துணையாக இருந்தார். இரண்டு வாரம் கழிந்தும் நால்வர் உயிரோடு இருந்தனர். அவர்களில் கோல்பேயும் ஒருவர். ஆகஸ்டு 14ஆம் தேதி அந்த நால்வருக்கும் கார்பாலிக் அமில ஊசி போட்டுக் கொன்றார்கள். கோல்பேக்கு அப்போது வயது 47.

காப்பாற்றப்பட்டவரின் சுமை

கதை அத்துடன் முடிந்துவிட்டதாகவே பலரும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். காப்பாற்றப்பட்ட கயோவ்னிசெக்கின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். அவர் முகாம் கொடுமைகளைத் தாங்கி உயிர் பிழைத்தார். போருக்குப் பிறகு மனைவியிடம் திரும்பினார். ஆனால் அவருடைய இரண்டு மகன்களும் 1945இல் சோவியத் படையின் குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தனர். எந்தப் பிள்ளைகளை நினைத்துக் கதறினாரோ, அந்தப் பிள்ளைகளை அவரால் மீண்டும் பார்க்க முடியவில்லை.

தம் இடத்தில் ஒருவர் இறந்தார் என்ற எண்ணம் நெடுங்காலம் தம்மை வருத்தியதாக அவர் பின்னாளில் கூறினார். உயிரைப் பரிசாகப் பெறுவதும் எளிதான காரியம் அன்று. காலப்போக்கில் அவர் அந்தச் சுமையை ஒரு பணியாக மாற்றிக்கொண்டார். கோல்பே செய்ததைப் பல நாடுகளுக்குச் சென்று எடுத்துச் சொன்னார். 1995ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி, 93ஆம் வயதில் அவர் இறந்தார். கோல்பே கொடுத்த ஒரு வாழ்க்கை 53 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

மறைசாட்சியா, இல்லையா?

கோல்பேயைப் புனிதராக அறிவிப்பதில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு சிக்கல் எழுந்தது. விசுவாசத்துக்காகக் கொல்லப்படுபவரைத்தான் திருச்சபை 'மறைசாட்சி' என்று அழைக்கிறது. கொல்பவன் விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொன்றிருக்க வேண்டும் என்பது பழைய விதி. பிரிட்ஸ்ச் அந்த வெறுப்பால் கோல்பேயைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவன் தேர்ந்தெடுத்தது வேறு ஒருவரை. கோல்பே தாமாகவே முன்வந்தார்.

ஆகவே 1971ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி போப்பாண்டவர் ஆறாம் பால் அவரை அருளாளராக உயர்த்தியபோது, மறைசாட்சி என்ற முறையில் உயர்த்தவில்லை. புனிதமாக வாழ்ந்தவர் என்ற முறையில்தான் உயர்த்தினார். 1982ஆம் ஆண்டு புனிதர் பட்டத்துக்கு நேரம் வந்தபோது அறிஞர்களிடையே மீண்டும் அதே விவாதம் நடந்தது. மறைசாட்சி என்று கூற இயலாது என்ற கருத்தே வலுவாக இருந்தது.

ஆனால் போலந்து நாட்டவரான போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வேறு முடிவெடுத்தார். 1982ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி வத்திகானில் நடந்த வழிபாட்டுக்கு, மறைசாட்சிகளுக்குரிய சிவப்பு உடையில் அவர் வந்தார். தமக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு கோல்பேயை மறைசாட்சி என்றே அறிவித்தார். அந்தக் கூட்டத்தில் கயோவ்னிசெக்கும் இருந்தார்.

இது வெறும் பட்டத்தைப் பற்றிய சச்சரவு போலத் தோன்றலாம். உள்ளே இருப்பது பெரிய கேள்வி. விசுவாசத்துக்காகச் சாவதும் சக மனிதனுக்காகச் சாவதும் வேறு வேறா? மனிதனை எண்ணாக மாற்றிவிட்ட ஓர் ஆட்சியில், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு தகப்பன் இருக்கிறான் என்று கண்டுகொண்டு அவனுக்காகச் சாவதும் விசுவாசத்தின் அறிக்கைதான் என்பதே போப்பாண்டவரின் செயல் தந்த பதில்.

இப்படிச் சிந்திப்பது திருச்சபைக்குப் புதிதும் அன்று. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. நோயாளிகளைப் பராமரித்துத் தாங்களும் நோய் தொற்றி இறந்த கிறிஸ்துவர்களைப் பற்றி அந்நகரின் ஆயர் தியோனிசியுஸ் கடிதம் எழுதினார். அவர்களுடைய மரணம் மறைசாட்சிகளின் மரணத்துக்குக் குறைந்ததன்று என்பது அவர் கருத்து.

போப்பாண்டவர் பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி இதற்கு ஒரு சட்ட வடிவம் கொடுத்தார். அதுவரை புனிதர் நிலைக்கு இரண்டு முக்கிய வழிகள் இருந்தன. ஒன்று மறைசாட்சியாக இறப்பது. மற்றொன்று நற்பண்புகளில் வீரத்தோடு வாழ்வது. அவற்றோடு, 'உயிரைக் காணிக்கையாக்குதல்' என்ற புதிய வழியை அவர் சேர்த்தார்.

அதற்கு அவர் வைத்த நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. உயிரைக் கொடுக்கும் முடிவு சுதந்திரமாகவும் மனமுவந்தும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அன்பே அதன் காரணமாக இருக்க வேண்டும். அந்த முடிவுக்கும் அவர் இறந்ததற்கும் தொடர்பு இருக்க வேண்டும். அந்த மரணம் விரைவில் உறுதியாக வரக்கூடியது என்று தெரிந்தே ஏற்றிருக்க வேண்டும். 'சுதந்திரமாக' என்ற சொல் முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். கட்டாயத்தின் பேரில் செய்யப்படும் தியாகத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

மொலோகாய் தீவில் 16 ஆண்டுகள்

கோல்பே ஒரு கணத்தில் எடுத்த முடிவைப் பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் டேமியன் ஒவ்வொரு நாளும் எடுத்தார். ஹவாய் தீவுகளில் தொழுநோய் பரவியபோது, 1865இல் அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. நோயாளிகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு மொலோகாய் தீவின் ஒரு மூலைக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டனர். மூன்று புறம் கடல். ஒரு புறம் செங்குத்தான மலை. தப்பி வர வழியில்லை.

அங்கே ஒரு பாதிரியார் தேவை என்ற கோரிக்கை வந்தபோது ஹவாயின் ஆயர் மேக்ரே தயங்கினார். அந்தப் பணி மரண தண்டனைக்குச் சமம் என்பது அவருக்குத் தெரியும். கீழ்ப்படிதல் என்ற பெயரில் யாரையும் அங்கே அனுப்ப அவர் விரும்பவில்லை. ஆகவே தாமாக முன்வருபவர் உண்டா என்று கேட்டார். நான்கு பாதிரியார்கள் முன்வந்தனர். மாறி மாறிச் செல்வது என்று முடிவானது. முதலில் சென்றவர் 33 வயது டேமியன். 1873ஆம் ஆண்டு மே மாதம் அங்கு சென்ற அவர், திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார், வீடுகள் கட்டினார், தண்ணீர்க் குழாய் அமைக்க உதவினார், சவப்பெட்டிகளையும் தம் கையாலேயே செய்தார். நோயாளிகளோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார். 1884ஆம் ஆண்டு இறுதியில் அவருக்கும் தொழுநோய் இருப்பது உறுதியானது. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி 49 வயதில் இறந்தார். 2009இல் புனிதர் பட்டம் பெற்றார்.

அவர் மொலோகாய்க்குச் சென்ற அதே 1873ஆம் ஆண்டில்தான் நார்வே மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பு மருந்தாக மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று தொழுநோய் மருந்தால் குணமாகக்கூடிய நோய். அன்று நோயாளிக்குக் கிடைத்த ஒரே மருந்து, அருவருக்காமல் தொடும் ஒரு கைதான்.

மொலோகாயில் டேமியனுக்கு முன்பே இந்த அன்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நோயுற்ற கணவனோடு மனைவியும், பிள்ளையோடு தாயும் தாங்களாகவே அந்தத் தீவுக்குச் சென்றதுண்டு. நோயில்லாத இவர்களை ஹவாய் மக்கள் 'கோகுவா' என்று அழைத்தனர். உதவியாளர் என்று பொருள். இவர்களில் பெரும்பாலோரின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. எவரும் இவர்களைப் புனிதராக அறிவிக்கவும் இல்லை.

பாப்பான் கிராமத்தில் ஒரு தாதி

இத்தகைய அன்புக்கு மலேசிய மண்ணிலும் சாட்சி உண்டு. பேராக் மாநிலத்தில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசு ஒரு தாதி. யூரேசியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1899இல் பிறந்தவர். அவருடைய கணவர் மருத்துவர் கார்த்திகேசு இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். இருவரும் ஈப்போவில் மருந்தகம் நடத்தினர். ஜப்பானியப் படையெடுப்பின்போது அருகிலுள்ள பாப்பான் கிராமத்துக்கு இடம் மாறினர்.

ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியவர்கள் காயத்தோடு இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். சிபில் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். 1943இல் கெம்பெய்த்தாய் ராணுவப் போலீசார் அவரைக் கைது செய்து கடுமையாகச் சித்திரவதை செய்தனர். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு அவரால் நடக்க முடியாமல் போனது. அப்படியும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவருடைய சிறு மகளையும் கொண்டுவந்து, தீயில் வாட்டப்போவதாக அவர்கள் மிரட்டினர். இந்த வரலாற்றின் மிகக் கனமான பகுதி இது. ஒருவர் தம் உயிரைக் கொடுக்கச் சம்மதிக்கலாம். பிள்ளையின் உயிரைக் கொடுக்க எந்தத் தாயும் சம்மதிப்பதில்லை. கொடியவர்கள் அங்கே அடித்தது அவருடைய அன்பின் ஆணிவேரில். பிள்ளை பிழைத்தது. போர் முடிந்தபின் சிபிலுக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. சித்திரவதையின் பாதிப்பிலிருந்து மீளாமலே, சிகிச்சைக்குச் சென்ற பிரிட்டனில் 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அவர் இறந்தார். பின்னர் அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

கேட்டு வாங்குவது தியாகமாகாது

இந்த மூவரின் வாழ்க்கையிலும் பொதுவான சில அம்சங்கள் தெரிகின்றன. ஒன்று, மூவரும் தாங்களாகவே கொடுத்தார்கள். இரண்டு, கொடுத்ததால் வேறு ஒருவர் வாழ்ந்தார் அல்லது ஆறுதல் பெற்றார். மூன்று, அவர்கள் தீமைக்கு உடன்பட்டுப் போகவில்லை. கோல்பே வதை முகாமை ஏற்றுக்கொண்டவர் அல்லர். ஓர் உயிரை அதன் பிடியிலிருந்து மீட்டவர்.

இந்த அளவுகோலைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன. நோயுற்ற பெற்றோருக்காக மகளோ மகனோ தன் வசதிகளை விட்டுக்கொடுத்தால் அது அன்பின் தியாகம். நோயாளி ஆறுதல் பெறுகிறார். கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார். ஆனால் குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் மனைவி வாயை மூடிக்கொண்டு இருப்பதால் யார் வாழ்கிறார்கள்? அவள் உடல் சிதைகிறது. பிள்ளைகள் பயத்தில் வளர்கிறார்கள். கணவனும் திருந்துவதில்லை, அவன் பாவம்தான் வளர்கிறது. அங்கே ஒன்றும் கொடுக்கப்படவில்லை, பறிக்கப்படுகிறது.

திருச்சபையின் தலைவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் குடும்ப வன்முறையைப் பற்றி 1992இல் வெளியிட்டு 2002இல் புதுப்பித்த அறிக்கையில், வன்முறை நிறைந்த மணவாழ்வில் ஒருவர் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்று தெளிவுபடுத்தினர். மன்னிப்பு என்ற பெயரில் அடியை அனுமதிக்க வேண்டியதில்லை என்பதும் அவர்கள் விளக்கம். போப்பாண்டவர் பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பைப் பற்றி வெளியிட்ட மடலிலும் பெண்கள் மீதான வன்முறையைக் கோழைத்தனம் என்று கண்டித்தார்.

ஆகவே தியாகத்தைப் பற்றிப் பேசுபவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கொடுப்பது நானா, அல்லது மற்றவரைக் கொடுக்கச் சொல்கிறேனா? ஆயர் மேக்ரே தம்மிடம் அதிகாரம் இருந்தும் கட்டளையிடவில்லை. கணவன் மனைவியிடமும், பெற்றோர் பிள்ளைகளிடமும், முதலாளி தொழிலாளியிடமும் தியாகத்தைக் கேட்கும்போது அந்தத் தயக்கம் அவர்களுக்கும் இருக்க வேண்டும்.

சிறியதில் தொடங்கும் அன்பு

பெரும்பாலோருக்குக் கோல்பேயின் நிலைமை வாழ்நாளில் ஒருமுறைகூட வராது. வந்தால் வரிசையைவிட்டு வெளியே வரும் துணிவு யாருக்கு இருக்கும் என்றும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அப்படியானால் இந்தப் போதனையால் சாதாரண மனிதருக்கு என்ன பயன்?

யோவானின் முதல் கடிதம் இதற்கு வழி காட்டுகிறது. அதன் 3ஆம் அதிகாரத்தில், சகோதரர்களுக்காக உயிரையும் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பதாக அவர் எழுதுகிறார். அடுத்த வரியிலேயே சாதாரண விஷயத்துக்கு வந்துவிடுகிறார். கையில் பொருள் வைத்துக்கொண்டு, இல்லாதவனைக் கண்டும் மனத்தை மூடிக்கொள்பவனிடம் கடவுளின் அன்பு எப்படி இருக்கும் என்று கேட்கிறார். உயிரைப் பற்றிய பேச்சு ஒரே மூச்சில் அரிசிக்கும் துணிக்கும் வந்துவிடுகிறது.

கோல்பேயும் அந்தக் கணத்தில் திடீரென்று உருவானவர் அல்லர். வதை முகாமில் தம் பங்கு உணவை மற்றவர்களுக்குக் கொடுத்ததாகவும், இரவில் கைதிகளுக்கு ஆறுதல் சொன்னதாகவும் உயிர் பிழைத்தவர்கள் கூறியிருக்கிறார்கள். ரொட்டித் துண்டைக் கொடுத்துப் பழகிய கைதான் கடைசியில் உயிரையும் கொடுத்தது.

பக்கத்து வீட்டு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, வேலை முடிந்து களைத்து வந்தாலும் பிள்ளையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது, கடனில் தவிக்கும் உறவினருக்கு வட்டியில்லாமல் உதவுவது, நோயாளியோடு ஓர் இரவு கண்விழிப்பது, அடி வாங்கும் பெண்ணுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிடுவது - இவையெல்லாம் அந்தப் பெரிய அன்பின் சிறிய வடிவங்கள். சிலுவையைச் சுமக்கும்படி மற்றவருக்கு அறிவுரை சொல்வது எளிது. அவர் சுமக்கும் பாரத்தில் ஒரு பக்கத்தைத் தானே தூக்கிக்கொள்வதுதான் கிறிஸ்து காட்டிய அன்பு.